நகல்தான், தொடலாம்

"தொட அனுமதி கிடையாதுங்க. கண்ணாடிக்கு வெளியில இருந்துதான் பார்க்கணும்."

அருங்காட்சியகக் காப்பாட்சியர் இப்படிச் சொன்னதும் மகளுக்குச் சுரீரென்றது.

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது மேடம். அதனாலதானே கேக்கறேன்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

அம்மா கைத்தடியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பீங்கான் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தேநீர்க் கோப்பைகளுக்கு நீலப் பூங்கொடி வரைந்தவள். இங்கிருக்கும் பழைய சீன ஜாடியின் புகைப்படம்தான் அவளுக்கு மாதிரி. நேரில் வந்து பார்க்க வாய்ப்பதற்குள் பார்வை போய்விட்டது.

"படத்துல முன்பக்கம் மட்டும்தான் தெரியும்" என்றாள் அம்மா. "கொடி பின்னால எப்படித் திரும்புதுன்னு நானா ஒண்ணு நினைச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷமும் போட்டேன். சரியா தப்பான்னு தெரிஞ்சா போதும்."

காப்பாட்சியர் கண்ணாடிக்குள் இருந்த ஜாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நகல் ஒண்ணு இருக்கு. அதை வேணா தரேன். உள் அறையில காத்திருங்க."

காத்திருந்தார்கள். அரை மணி நேரம்.

காப்பாட்சியர் ஜாடியோடு வந்ததும் ஆயிரம் நிபந்தனை. தரையில் கனத்த மெத்தை விரித்து அம்மாவை அதில் உட்காரச் சொன்னார். கை கழுவச் சொன்னார். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்ற வைத்தார்.

'ஒரு நகலுக்கு இவ்வளவு பந்தாவா?' மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நகல்தான்மா. பயப்படாம தொடுங்க."

சொன்னாரே தவிர, அம்மாவின் மடியில் வைத்த ஜாடிக்கு அடியில் கொடுத்த இரண்டு கைகளையும் காப்பாட்சியர் எடுக்கவே இல்லை.

அம்மாவின் விரல்கள் கழுத்தில் ஆரம்பித்து மெல்ல இறங்கின. ஓர் இடத்தில் நின்றன. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தன. பிறகு பின்பக்கம் போயின.

"ஓ, இடப்பக்கம் திரும்புதா?" அம்மா சிரித்தாள். "முப்பது வருஷமா வலப்பக்கம் போட்டுட்டேனே."

கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "இதைச் செஞ்ச கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன்" என்றார் காப்பாட்சியர்.

வாசலில் இருந்த பார்வையாளர் குறிப்பேட்டில் மகள் நாலு வரி எழுதிவிட்டு வந்தாள். கீழ்ப்படியில் நின்றிருந்த அம்மா கேட்டாள்.

"என்னடி எழுதினே?"

"கண்ணு தெரியாதவங்கன்னா நகலைக் கொடுத்து அனுப்பிடலாமான்னு காட்டமா எழுதியிருக்கேன். மேலதிகாரி பார்க்கட்டும்."

"அவர் பார்த்துட்டு, எந்த நகல்னு கேட்டா அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லுவா?"

"ஏன், சொன்னா என்ன?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"பழங்காலத்து ஜாடியில நீலம் கனமா விழுந்த இடம், சூளையில வேகும்போது மேல்மெருகையும் சேர்த்து லேசா உள்ள இழுத்துடும். ஊசிமுனை அளவுக்குப் பள்ளம் விழும். இப்போ செய்யற நகல் வழவழன்னு இருக்கும். நானே எத்தனை செஞ்சிருக்கேன்."

"அதுக்கு?"

"கொடி திரும்பற இடத்துல எல்லாம் பள்ளம் இருந்துச்சு. வேலை போனாலும் போகட்டும்னு அசலையே எடுத்துட்டு வந்து என் மடியில வெச்சிருக்கா அந்தப் பொண்ணு. நகல்னு சொன்னாத்தானே என் கை நடுங்காது?"

மகள் விறுவிறுவென்று படியேறினாள். எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தில் எழுதினாள்:

"நகல் மிக நன்றாக இருந்தது. நன்றி."