ஏழாவது தட்டு

ஃபிஜித் தீவின் சுவா நகரத்து மழை ஆய்வுக்கூட ஜன்னலில் வழிகிறது. அந்த மங்கல் வெளிச்சத்தில், புது மருந்து தேடும் வாசிட்டி கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள். தட்டு முழுக்க நோய்க்கிருமிகள் பாலாடையாய்ப் படர்ந்திருக்கின்றன. நடுவில், பவளப்பாறைச் சேற்றில் பிடித்த பாக்டீரியாப் பொட்டு ஒன்று. அதைச் சுற்றி ஒரு காசு அகலத்துக்குக் கிருமிகள் செத்துத் துப்புரவாக இருக்கிறது. கொன்றது எது என்று கருவி இப்போதுதான் சொல்லி முடித்தது: அறுபது வருடமாகக் கடையில் விற்கிற மருந்து. இப்படி ஆவது இது ஏழாவது தடவை. மேஜையில் போன் அதிர்கிறது. சேறு எடுக்க அனுமதி தந்த கிராமத்தின் தலைவர் இலியேசா.

“என்ன வாசிட்டி, நம்ம சேத்துல மருந்து வந்துச்சா? சாயங்காலம் ஊர்க்கூட்டம். இன்னொரு வருஷம் தோண்ட விடலாமான்னு கேப்பாங்க.” பொய் சொல்லிவிடலாம், அதற்குக்கூடத் தெம்பில்லை. “வந்துச்சு மாமா. ஆனா பழைய மருந்து. வேற யாரோ எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க.” அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிக்கின்றன. “அப்போ நம்ம பூச்சி சோம்பேறி இல்ல. லேட்டா வந்திருக்கு, அவ்வளவுதானே?” இருமிக்கொண்டே சிரிக்கிறார். “கூட்டத்துல நான் பேசிக்கறேன். நீ வர்றப்ப ஊருக்குக் காணிக்கையா யங்கோனா வேர்க்கட்டு பெருசாக் கொண்டா. போன தடவ கொடுத்தது தொடப்பக்குச்சி மாதிரி இருந்துச்சு.” காலையிலிருந்து முதல் முறையாக வாசிட்டி உட்காருகிறாள்.