நடந்து போகிற காருக்கு டிஸ்க் பிரேக்

"இன்னா சார் சொல்றீங்க? மணிக்கு மூணு கிலோமீட்டர் போற வண்டிக்கு டிஸ்க் பிரேக்கா?" மெக்கானிக் மோசஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதப்பா. உசுரு போற விஷயம்" என்றார் பன்னீர்செல்வம்.

செங்கல்பட்டு ரயில்வே கேட் பக்கத்தில்தான் மோசஸின் ஷெட். உள்ளே நின்றது ஒரு திறந்த சீமைக் கார். அதற்கு வயது நாற்பத்தைந்து. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதுதான் வரும். அதற்குச் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரே, உலகநாதன். அவர் ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வண்டிக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தானே நிக்குது" என்றார் உலகநாதன்.

"எங்கய்யா நிக்குது? மூணு தபா மிதிச்சாதான் நிக்குது! மொத மிதிக்கு யோசிக்குது, ரெண்டாவது மிதிக்கு மொனகுது. அதுக்குள்ள ஆக வேண்டியது ஆயிடுது. நீயாவது ரோட்டைப் பாக்கிறியா? மாப்பிள்ளைக்கு மேல நீதான் ஜனங்களுக்குக் கை காட்டிக்கினு வர்றே!"

உலகநாதன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து இன்னொரு வெற்றிலையை மடித்தார்.

"வெள்ளிக்கிழமை மகாபலிபுரத்துல ஊர்வலம். அதுக்குள்ள டிஸ்க் மாட்டலைன்னா ஊர்வலமே கிடையாது. ஆமாம், சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டினார் பன்னீர்செல்வம்.

"ஐயா சொல்றபடியே செய்யி மோசஸு. ஐயா இல்லாம கல்யாணம் நடக்காது" என்று உலகநாதன் இறங்கி வந்தார்.

பட்டு வேட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலி, நெற்றியில் சந்தனம், வாயில் அதட்டல். பெண்ணைப் பெற்றவர் இவர்தான் என்று மோசஸ் முடிவு கட்டிவிட்டான். வரப்போகிற மருமகன் மேல் இத்தனை அக்கறை உள்ள மாமனாரை அவன் கண்டதே இல்லை. அவனுடைய மாமனார் அவனுக்கு ஒரு ஹெல்மெட்கூட வாங்கித் தந்தது கிடையாது.

"உக்காருங்க சார், டீ சொல்றேன்."

"வேணாம்பா. நின்னாதான் எனக்குச் சௌகரியம்."

மறுநாளே மோசஸ் மின்சார ரயில் ஏறிப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போய் டிஸ்க்குகளைத் தேடிப் பிடித்து வந்தான். முன்பக்கம் மாட்டிப் பார்த்தால், பழைய சக்கரம் அதில் உரசியது. சக்கரத்தை மாற்றினான். பழைய மாஸ்டர் சிலிண்டருக்கு டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தத் தெம்பு போதவில்லை. அதையும் மாற்றினான். நைந்து கிடந்த பிரேக் குழாய்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டான்.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குத் தினமும் நான்கு முறை போன் வந்தது. நான்குமே பன்னீர்செல்வம்தான்.

"மோசஸு, பிரேக் லைன்ல காத்து நிக்குதா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார்."

"இன்னொரு தபா எடுத்துடு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோசஸே காரை ஓட்டிக்கொண்டு மகாபலிபுரத்துக்குக் கிளம்பினான். புது பிரேக் நன்றாகப் பதிய வேண்டும் என்று வழியெல்லாம் இருபது தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகநாதனின் வெற்றிலைப் பெட்டி இருபது தடவையும் பறந்தது.

கல்யாண மண்டபத்து வாசலிலேயே காத்திருந்தார் பன்னீர்செல்வம்.

"சார், அறுபதுல வந்து மிதிச்சுப் பாத்தேன். ஒரு இழுப்பு இல்ல, நேரா நின்னுச்சு!" மோசஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அறுபது யாருக்குய்யா வேணும்? நடக்கிற வேகத்துல நிறுத்து, பாக்கலாம். நீ ஓட்டாதே. உலகநாதன் ஓட்டட்டும்."

சொல்லிவிட்டு அவர் காருக்கு முன்னால் பத்தடி நடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மோசஸ் பதறிப்போனான். "ஐயோ சார், தள்ளிக்கோங்க! கல்யாண வூட்ல வில்லங்கம் வேணாம்!"

"வண்டி வரட்டும்."

"இப்படித் திரும்பியாவது நில்லுங்க சார்!"

"கூடாது. பாக்காமத்தான் நிக்கணும்."

உலகநாதன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கார் மெல்ல உருண்டது. எட்டடி, ஐந்தடி, மூன்றடி. மோசஸ் "ஏசப்பா!" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தபோது, பம்பருக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"நின்னுச்சா?" திரும்பாமலே கேட்டார் பன்னீர்செல்வம்.

"நின்னுச்சு சார்!"

"எத்தனை மிதி?"

"ஒரே மிதி!"

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. மோசஸ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மருமகனுக்காக உசுரையே பணயம் வெச்சுட்டீங்களே சார்! உங்க பொண்ணு குடுத்து வெச்சவங்க."

"எனக்கு ஏதுய்யா பொண்ணு? இந்த மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது எனக்கு."

சுவரோரம் சாத்தியிருந்த நீளமான பையைப் பிரித்து நாயனத்தை எடுத்தார் பன்னீர்செல்வம். சீவாளியைச் செருகிக்கொண்டே சொன்னார்:

"இந்தக் காருக்கு முன்னால வாசிச்சுக்கினு நடக்கிறவன் நான்! போன முகூர்த்தத்துல பின்னால வந்து இடிச்சுட்டுது. வலி தாங்காம நாயனத்துக்குள்ளயே கத்திட்டேன். புதுச் சங்கதின்னு நெனச்சு, 'இன்னொரு தபா, இன்னொரு தபா'ன்னு ஊரே கை தட்டுதுய்யா!"