சிரிப்பு வரும் இடம்

சிரிப்பு வரும்வரை பாலகுமார் கையை ஓங்கியபடியே நின்றான்.

டிவியில், பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மேனேஜர் வெளியே நின்ற பியூனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "கதவைத் திற, உன் லீவு லெட்டர்ல இப்பவே கையெழுத்து போடறேன்." பியூன் நிதானமாகச் சொன்னான், "முதல்ல லெட்டர் எழுத ஒரு பேனா குடுங்க சார்."

நூறு பேர் ஒன்றாகச் சிரிப்பது போன்ற அந்தப் பதிவுச் சிரிப்பு அறையை நிறைத்தது. கை இறங்கியது. அவன் மனைவி வித்யாலட்சுமி சுவரில் மோதி விழுந்தாள். அவள் அலறியது அவளுக்கே கேட்கவில்லை.

'மூணாவது மாடி ஆபீஸ்' முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் தினமும் சாயங்காலம் மறு ஒளிபரப்பு உண்டு. பாலகுமாருக்கு எல்லா வசனமும் மனப்பாடம். எதற்குச் சிரிப்பு வரும், எது நீளமான சிரிப்பு என்பதும் தெரியும். புதுத் தொடர்களை அவன் வைப்பதே இல்லை. அவற்றில் பின்னணியில் யாரும் சிரிப்பதில்லை.

"எக்ஸ்பிளனேஷன் குடுங்க மேடம்," என்றான், அந்த மேனேஜரின் குரலில். "யார கேட்டு கார்மென்ட்ஸ்ல வேலைக்குப் பேர் குடுத்தீங்க?"

"யாரையும் கேக்கல."

"அடேங்கப்பா, வாய் வேறயா?"

அடுத்த சிரிப்புக்கு அவன் கால் அவள் விலாவில் இறங்கியது. அதற்கடுத்த சிரிப்புக்கு உதடு கிழிந்தது. பிறகு விளம்பரம் வந்துவிட்டது. அவன் அயர்ன் பாக்ஸை எடுத்து, டிவி செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வேணாங்க. வேலைக்குப் போகலங்க."

"பயப்படாதீங்க மேடம், விளம்பரம் முடியட்டும். அப்புறம் ஃபேன் கழண்டு கேக் மேல விழற சீன். அதுக்குச் சிரிக்கிற மாதிரி இவனுங்க எதுக்குமே சிரிக்க மாட்டானுங்க."

அந்தக் காட்சி அவளுக்கும் தெரியும். அந்தச் சிரிப்பு ஓயவே ஓயாது. அதற்குள் என்ன கத்தினாலும் வெளியே போகாது.

ஈஜிபுராவின் அந்தக் கட்டடத்தில் பக்கத்துப் போர்ஷனில் ஜூலியாவும் அவள் கணவன் டென்சிலும் இருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர் கோவிந்தப்பாவும் அவர் மனைவி காந்தாவும். எல்லோரும் நல்லவர்கள். காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் ஜூலியாதான். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சிரிப்பைத் தாண்டி அவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

போன வாரம் தண்ணீர் பிடிக்கும்போது வித்யாலட்சுமி கேட்டிருந்தாள். "நீங்களும் இதத்தான் பாக்கறீங்களாக்கா?"

"உங்க வீட்ல ஆரம்பிச்சதும் நாங்களும் வெச்சிருவோம்மா. மேல காந்தாவும் அப்டித்தான். பில்டிங் பூரா அதான் ஓடுது."

"அந்த பியூன் செம காமெடி, இல்லக்கா?"

"எந்த பியூன்?" என்ற ஜூலியா, பாதி நிரம்பிய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சூடேறி, சிவப்பு விளக்கு அணைந்தது. பாலகுமார் அயர்ன் பாக்ஸைக் கையில் எடுத்தான். டிவியில் சோப்புத்தூள் பாட்டு முடியப் போகிறது.

வித்யாலட்சுமி தரையோடு ஊர்ந்து போய், எக்ஸ்டென்ஷன் போர்டின் ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளக் கழன்று வந்தது. டிவி செத்தது. அந்த நேரத்தில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மட்டும் அதே சோப்புத்தூள் பாட்டு மெல்லக் கேட்டது.

"ஜூலியாக்கா! காந்தாக்கா! சூடு வெக்கிறான்! கதவ ஒடச்சாவது வாங்க!"

பாலகுமாரின் முகம் வெளுத்தது.

"ஏய்... கத்தாத. பக்கத்துல கேக்குது பார். வித்யா, சொன்னா கேளும்மா, கத்தாத."

கெஞ்சும் குரல் அவனிடம் இருப்பதே இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் அயர்ன் பாக்ஸைத் தரையில் வைத்தான். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பையில் சாவியைத் தேடினான்.

பக்கத்துப் போர்ஷனின் கதவு திறந்தது. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் ஜூலியா நின்றிருந்தாள். அறை வெளிச்சம் வித்யாலட்சுமியின் கிழிந்த உதட்டில் விழுந்தது. ஜூலியா அதைப் பார்த்தாள். தரையில் இருந்த அயர்ன் பாக்ஸையும் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் வித்யாலட்சுமி. இனிக் கத்த வேண்டியதில்லை.

ஜூலியாவின் கண்கள் நிறைந்தன.

ஜூலியா தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள்.

"டென்சில், சவுண்ட இன்னும் கொஞ்சம் ஏத்து."