மூணாவது நிமிஷம்

"மறுபடியும் போச்சா?" என்றார் மாமனார்.

போயே போச்சு. திரையில் மகன் முகம் வந்து மூணு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

மானம் போனது மருமகளுக்கு. அந்த யு.எஸ்.பி. ஹப்பை வடிவமைத்தவளே அவள்தான். அடுத்த மாதம் அவள் கம்பெனி விற்பனைக்கு விடப்போகிற சரக்கு. கேமரா, மைக், ஸ்பீக்கர், இன்டர்நெட் டாங்கிள் நாலையும் அதில்தான் செருகியிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கப் போற டப்பா, நம்ம வீட்டுல மட்டும் மக்கர் பண்ணுது" என்றாள் மாமியார், சோபாவில் சாய்ந்தபடி.

மருமகளின் கணவனுக்குக் கப்பலில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள், பத்தே நிமிஷம் பேச விடுவார்கள். அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது.

லைன் அறுந்ததும் மீதி நிமிஷத்துக்கு அவள் செல்போனில் கூப்பிடுவான். அவள் அறைக்குள் ஓடுவாள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

"ஃப்யூஸ் சூடாகித்தான் கட் ஆகுதுன்னு நினைச்சேங்க. கெபாசிட்டரையும் பெரிசா போட்டுப் பார்த்துட்டேன்..."

"அது கிடக்கட்டும். நீ எப்படி இருக்கே?"

"இருக்கேன். அடாப்டரைக்கூட மாத்திட்டேன், அப்பவும்..."

நேரம் முடிந்துவிட்டது. அவன் தலையணை உறையைத் துவைக்க இன்னும் மனசு வரவில்லை என்று சொல்ல நினைத்திருந்தாள். அதைச் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆகும். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆபீஸில் அதே ஹப்பை நாலு போர்ட்டிலும் முழு லோடு ஏற்றி, இரண்டு நாள் ஓட்டினாள். சமர்த்தாக ஓடியது.

அடுத்த வாரம், வோல்டேஜைப் பதிவு செய்யும் மீட்டர் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் ஹப்போடு இணைத்து வைத்தாள். அன்றைக்கும் மூணாவது நிமிஷத்தில் போனது. அறைக்குள் பேசி முடித்துவிட்டு, மீட்டரின் பதிவை லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தாள்.

லோடு தாங்காத ஹப் தள்ளாடித் தள்ளாடித்தான் படுக்கும். இங்கே வோல்டேஜ் கோடு ஒரேயடியாக விழுந்திருந்தது. ஐந்து வோல்ட், உடனே சைபர். அவள் அறைக்குள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடியும் ஐந்து.

யாரோ ஹப்பின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். திரும்பச் செருகியும் இருக்கிறார்கள். பிளக் இருப்பது சோபாவுக்குப் பின்னால்.

அவளுக்குச் சுரீரென்று ஏறியது. அவர் முகத்தை நான் பார்த்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று லேப்டாப்போடு கிளம்பினாள்.

ஹால் வாசலில் மாமனாரின் குரல் கேட்டது.

"ஏன் இப்படிப் பண்றே? அவனைப் பார்க்கணும்னு நீயும்தானே வாரம் பூரா தவிக்கிறே?"

"தவிப்பு இல்லாம இருக்குமா? அதான் மூணு நிமிஷம் கண் நிறையப் பார்த்துக்கறேனே. நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு அவ புருஷன்கிட்ட என்னத்தைப் பேசுவா?"

"உள்ளே போய்ப் பேசும்மான்னு நேரா சொல்லிடேன்."

"சொன்னா போவாளா? 'நீங்க பேசுங்க அத்தை, எனக்கென்ன'ன்னு சுவரோரமா நிப்பா. லைன் அறுந்தாத்தான் அவன் அவ போனுக்கு வருவான்."

மாமியார் பெருமூச்சு விட்டாள்.

"அப்படி நான் மிச்சம் பிடிச்சுக் கொடுக்கற ஏழு நிமிஷத்தையும், அந்த டப்பாவைப் பத்தியே பேசித் தீர்க்குது அந்தப் பைத்தியம்."