எல்லையிலிருந்து வந்தவன்

"ஆதார் இல்லாம ரூம் கெடையாதுங்க. பௌர்ணமி நேரம், போலீஸ் செக்கிங் ஜாஸ்தி."

முன்னால் நின்ற ஆந்திராக் குடும்பத்தை லாட்ஜ்காரர் ஆதிமூலம் திருப்பி அனுப்பினார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செங்கம் ரோட்டு வெயிலில் இறங்கிப் போனார்கள்.

அடுத்து நின்றவன் செழியன். ஒரு வாரத் தாடி, தோளில் நனைந்து காய்ந்த பை, செருப்பெல்லாம் சேறு. ஆதிமூலத்தின் தலை புதிதாக மழித்திருப்பதைக் கவனித்தான். அண்ணாமலையாருக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இந்த ஊரில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்?

"ரூம் இருக்குதுங்களா?"

ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு நோட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரு?"

"செழியன்."

"எங்கேருந்து வர்றீங்க?"

"அருணாசலப் பிரதேசம். பர்மா பார்டர்."

"அருணாசலம்னு பேரு மட்டும் நம்ம மலைப் பேரு" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "அங்க என்னா வேல?"

செழியன் தயங்கினான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாப்டிஸ்ட் மிஷன்ல ஊழியங்க. மலை மேல பதினோரு கிராமத்துல சின்னச் சின்ன சபைங்க இருக்குது. அதுங்களப் பாத்துக்கறேன்."

பேனா நின்றது.

"இங்க பிரசங்கம் பண்றது, நோட்டீஸ் குடுக்கறது அதெல்லாம் கூடாது."

"அதுக்கு வரலீங்க."

"எங்க ஊர்லயும் ஒரு பையன் இப்பிடித்தான் போனான். பெத்தவன் தலமுழுகிட்டான்."

ரூம் இல்லை என்று சொல்லிவிடுவார் என்றே செழியன் எதிர்பார்த்தான். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் ஆதிமூலம் நோட்டை மூடவில்லை. "பதினோரு கிராமத்துக்கும் பஸ்ஸு உண்டா?"

"ரோடே கெடையாதுங்க. நடைதான். ஆத்துக்குக் குறுக்க மூங்கில்ல பாலம் கட்டியிருப்பாங்க. மழை வந்தா அதுவும் போயிடும்."

"போயி என்னா பண்ணுவீங்க?"

"ஞாயித்துக்கெழம ஆராதன. மத்த நாள்ல புள்ளைங்களுக்குப் பாடம், காய்ச்சல்காரங்களுக்கு மாத்திர. யாராச்சும் செத்துட்டா குழி வெட்டறதுக்கும் கூட நிப்பேன்."

"சாவுன்னா, தூரத்துல இருக்கற புள்ளைங்க வர்றவரைக்கும் வெச்சிருப்பாங்களா?"

"வெச்சிருப்பாங்க. மலையில குளுரு. ரெண்டு நாள், மூணு நாள்கூடத் தாங்கும்."

"இங்க தாங்காது" என்றார் ஆதிமூலம், வாசலில் காயும் வெயிலைப் பார்த்துக்கொண்டு.

ரோட்டில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"உங்களுக்கு ஒடம்புக்கு வந்தா?"

"ரெண்டு வாட்டி மலேரியா வந்துச்சுங்க. சபைக்காரங்கதான் மூங்கில்ல தூளி கட்டித் தூக்கினு போனாங்க. ரெண்டு நாள் நடந்து ஆஸ்பத்திரியில சேத்தாங்க. தூக்கினவங்கள்ல ஒருத்தருக்கு அறுவது வயசு."

"நல்ல ஜனங்க" என்றார் ஆதிமூலம். "கல்யாணம்?"

"ஆச்சு. அந்த ஊருப் பொண்ணுதான். ஒரு கொழந்த இருக்கா, ஆறு வயசு."

"போட்டோ வெச்சிருக்கீங்களா?"

செழியன் போனை நீட்டினான். மூங்கில் வீட்டு வாசலில் ஒரு சிறுமி, முன்பல் ஒன்று விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தமிழ் பேசுமா?"

"ரெண்டு மூணு வார்த்த. பாட்டிய 'ஆயா'ன்னு கூப்பிடக் கத்துக் குடுத்திருக்கேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப என்னா விஷயமா வந்தீங்க?"

"ஒருத்தவங்களுக்கு ரொம்ப முடியலன்னு சேதி வந்துச்சு. எங்க மலையில சிக்னல் கெடையாது. கீழேருந்து ஒரு ஆள் நடந்து வந்துதான் சொன்னாரு. சொன்ன அன்னிக்கே கெளம்பிட்டேன். வழியில மண்ணு சரிஞ்சு ரெண்டு நாள் மாட்டிக்கினேன். அப்பறம்தான் ரயில புடிச்சேன்."

"கெளம்பி எத்தினி நாளாச்சு?"

"இன்னியோட ஏழு நாளுங்க."

ஆதிமூலம் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஆறாம் நம்பர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆதார் கேட்பார் என்று செழியன் பையைத் திறந்து வைத்திருந்தான். அவர் கேட்கவே இல்லை.

"மாடியேறி ரெண்டாவது ரூம். கொழாயில சுடுதண்ணி வரும். மொதல்ல குளிங்க."

செழியன் சாவியை எடுத்துக்கொண்டான். ஜீப்பிலும் ரயிலிலும் ஏழு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வியை அவன் இன்னும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து கேட்டுவிடலாம் என்று படியில் கால் வைத்தான்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஆதிமூலம் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"உங்கம்மாவ முந்தாநாளே எடுத்துட்டோம்டா. புள்ள வராம, புருசன் நாந்தான் கொள்ளி வெச்சேன்."