ஆபேல் மேஸ்திரி கேட்ட கேள்விகள்

"கட்டின பொண்டாட்டி கொண்டாந்த தண்ணியையே பொய்யின்றானே, இவன்லாம் ஒரு மனுஷனா?" கமலவேணி பல்லைக் கடித்தாள்.

குடியாத்தத்தில் அது எண்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழை. ஏரிக் கால்வாயை ஒட்டி சீனிவாசன் முதலாளியின் ஷூ கம்பெனிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் போதும், அங்கே கொட்டி வைத்த மண்ணெல்லாம் கால்வாயில்தான். லுங்கிக்குச் சாயம் போட்ட நூலைத் தெருவே அந்தத் தண்ணீரில்தான் அலசும். கமலவேணி வீட்டு நூல் சேறேறி மங்கிப்போய், வியாபாரி முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிட்டார். இப்படியே போனால் தெருவில் ஒரு தறி ஓடாது.

மண் எங்கிருந்து வருகிறது என்று நிரூபிக்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயபுஷ்பம்தான் வழி சொன்னாள். காலி குளுகோஸ் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். மழை வரும்போதெல்லாம் பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஓடி, கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். சம்பளமா, சாப்பாடா? ஒன்றும் கிடையாது. நனைந்த புடவைதான் மிச்சம்.

இன்று பெண்கள் கொடுத்த மனுவை விசாரிக்க நகராட்சி இன்ஜினீயர் நந்தகோபால் கால்வாய்க் கரைக்கே வந்துவிட்டார். முதலாளியும் காரில் வந்து இறங்கினார். அவருக்குப் பரிந்து பேச வந்து நின்றவன் யார்? கட்டட மேஸ்திரி ஆபேல். ஜெயபுஷ்பத்தின் புருஷன்!

"மழை பேஞ்சா எந்தக் கால்வாயும் கலங்கத்தான் சார் செய்யும்," என்றான் ஆபேல். "இதுக்குப் போயி இந்தம்மா ஊரைக் கூட்டறாங்க."

இந்தம்மாவாம்! கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயபுஷ்பம் அசரவில்லை. இரண்டு பாட்டில்களை நீட்டினாள். "இது கட்டடத்துக்கு மேல்பக்கம் புடிச்சது. இது கீழ்பக்கம். ஒரே மழை சார். எதுல மண்ணு ஜாஸ்தின்னு நீங்களே பாருங்க."

மேல்பக்கத்துப் பாட்டிலில் லேசான வண்டல். கீழ்பக்கத்துப் பாட்டிலில் விரல் உயரத்துக்குச் செம்மண்.

"அது எங்க மண்ணுதான்றதுக்கு இன்னா அத்தாட்சி?" ஆபேல் விடவில்லை.

"இந்தக் கரை பூரா கருப்பு மண்ணு. செம்மண்ணு உங்க கட்டடத்துக்கு லாரில வந்தது மட்டும்தான்."

"நீங்களே அள்ளிப் போட்டிருந்தா?"

கூட்டம் கொதித்துப்போனது. புருஷன் கேட்கிற கேள்வியா இது?

ஜெயபுஷ்பம் பாட்டில் வாயில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினாள். "உங்க வாட்ச்மேன் சத்தார் பாய் முன்னாடிதான் புடிச்சு ஒட்டினோம். மேல அவரு கையெழுத்து இருக்கு பாருங்க."

சத்தார் பாய் ஆமென்று தலையாட்டினார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" இன்ஜினீயர் முதலாளியைப் பார்த்தார்.

சீனிவாசன் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். கேட்பதற்கு இனி என்ன பாக்கி இருக்கிறது?

"கல்லடுக்கி மண்ணைத் தடுங்க. தண்ணி தேங்கித் தெளியறதுக்கு ஒரு பள்ளம் வெட்டுங்க. அதுவரைக்கும் மண்ணு வேலை நிக்கட்டும்," என்றார் இன்ஜினீயர்.

பெண்கள் கை தட்டினார்கள். கமலவேணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தெருப் பெண்கள் நாங்கள் சாதித்துவிட்டோம்! ஆனாலும் ஆபேலை நினைத்தால் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"சிஸ்டர், இந்த ஆளோட எப்பிடித்தான் குடும்பம் நடத்தறீங்களோ!"

முதலாளியின் கார் கண்ணை விட்டு மறைந்ததை ஜெயபுஷ்பம் உறுதி செய்துகொண்டாள். பிறகு சிரித்தாள். முகமெல்லாம் பெருமை.

"முதலாளி இன்னா இன்னா கேட்டு மடக்குவாருன்னு எங்க வீட்டுக்காரருக்குத்தானே கமலா தெரியும்? ஒரு வாரமா அடுப்பங்கரையில என்னை நிக்க வெச்சு இதே கேள்விங்கதான். நான் தட்டுத்தடுமாறாம பதில் சொல்ற வரைக்கும் சோத்துல கை வைக்க மாட்டேன்னுட்டாரு!"