தேவானையின் தலைசுற்றல்

"பாருங்கடி, வந்துட்டா மகாராணி! புருசன் கைய புட்ச்சிக்கினாத்தான் அவளுக்குக் கால் நடக்கும்!"

முத்தம்மா குரல் கொடுத்ததும் குழாயடியில் எல்லோரும் குடத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டார்களா? வருஷம் 1948. நடுத்தெருவில் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆண்பிள்ளையை மயிலாப்பூர் அதுவரை கண்டதில்லை. சுப்புராயன் குனிந்த தலை நிமிரவில்லை. தேவானைதான் நின்று பதில் சொன்னாள்.

"எனக்குக் காது சரியில்லக்கா."

"காது சரியில்லன்னா கைய இன்னாத்துக்குப் புடிக்கற?"

"டாக்டரு சொன்னாரு. காதுக்குள்ள மூணு வளையம் கீதாம். அதுக்குள்ள தண்ணியாட்டம் இன்னாவோ கீதாம். தலய திருப்பினா அது அசஞ்சி, எந்தப் பக்கம் சாயறோம்னு மூளைக்குச் சொல்லுமாம். அது கெட்டுப்பூட்டா, நிக்கற தரையே ஓடறாப்போல கீது."

"காதால நடக்கறவள இப்பத்தாண்டி பாக்கறேன்!"

குழாயடியே சிரித்தது.

சுப்புராயனுக்குத் தையல்கடையில் வேலை. அந்தக் கடை வாசலில்தான் தேவானை பூ விற்பாள். முதலாளி நூர் முஹம்மது நல்ல மனுஷர்தான். ஆனால் மதுவிலக்கு வந்ததிலிருந்து எவன் தள்ளாடினாலும் அவருக்குச் சந்தேகம். போன வாரம்கூட ஒரு தையல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று கடைப்படி ஏறும்போது இருவரும் தடுமாறினார்கள்.

"இன்னா சுப்புராயா, ஆடிக்கினு வர்ற?" முதலாளி முகம் கடுத்தது.

தேவானை சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு இல்ல பாய்! எனக்குத்தான் தல சுத்திச்சி. அவரையும் சேத்து இஸ்துட்டேன்."

"அடப் பாவமே! முதல்ல தண்ணி குடிம்மா."

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், சுப்புராயன் சுவரைத் தடவிப் பிடித்து மெல்ல உட்கார்ந்தான். தேவானை நிறைகுடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடுப்பங்கரைக்கு நடந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காது கெட்டது எனக்கு. பேச்சு வாங்கறது நீயா, தேவான? நெசத்தச் சொல்லிடலாமே."

"சொன்னா எவன் நம்புவான், மாமா? ஆம்பள ஆடினா சாராயம்னுவாங்க, வேல பூடும். பொம்பள ஆடினா வெறும் சொகுசுன்னுவாங்க. சொல்லிட்டுப் போவட்டுமே!"